இரண்டு காது உள்ள ஊசி

ஜூன் 13, வெள்ளி

அந்த ஊசிக்கு இரண்டு காது இருந்தது.

காலையில் ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடிப் பொறுக்கி, ரிஜிஸ்டரில் வரிசையாக வைத்து மேலே டேப் ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்து ஒரு முழு ஊசி ஆக வேண்டும். ஆன பிறகுதான் நான் டெய்லருக்குப் புது ஊசி கொடுக்கலாம்.

பதினொன்றாம் தேதி, நான்காவது லைன், ஷகிலா அக்காவின் மிஷின். மூன்று துண்டுகள். மேலே தண்டு. நடுத்துண்டின் அடியில் காது இருக்கிறது. கடைசியில் ஒட்டியிருக்கும் முனையிலும் காது இருக்கிறது. மிஷின் ஊசிக்குக் காது முனைக்குப் பக்கத்தில் ஒன்றுதான் இருக்கும்.

கீழே மூன்று கையெழுத்து. டெய்லர், லைன் சூப்பர்வைசர், ஊசி மேசை. ஊசி மேசை என்பது நான்.

அன்று அந்த நேரத்தில் நான் சாப்பிடப் போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மதியம் தக்காளி சாதம். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூன் 14, சனி

மூன்று மணிக்கு கேண்டீனில் வகுப்பு. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு மேடம் வந்து, வாழ்க்கையிலும் வேலையிலும் உறுதியான ஆளாக இருப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார். இந்த நோட்டு அவர் போன வகுப்பில் கொடுத்தது. தினமும் நாலு வரியாவது எழுதச் சொன்னார். நேற்றுதான் ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கும் கேள்விகளை இன்று நிரப்பினோம்.

பெயர்: நாகஜோதி. வயது: பதினெட்டு. படிப்பு: பத்தாவது. வேலை: ஊசி மேசை. குடும்பம்: அம்மா, தங்கை. பலவீனம்: பேசாமல் இருப்பது.

பலம் என்ற இடத்தை விட்டுவிட்டேன். ஷகிலா அக்கா எட்டிப் பார்த்தார்.

"பலம்னா கையெழுத்துனு போடுடி. அச்சடிச்ச மாதிரி இருக்குது. வாயிலிருந்துதான் ஒண்ணும் விழறதில்ல, கையாவது பேசட்டும்."

மேடம் போர்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'வீட்டில் நான்' என்றும் மறுபக்கம் 'வேலையில் நான்' என்றும் எழுதினார். இரண்டு பேரும் ஒரே ஆளா என்று ஒவ்வொருவரும் யோசித்து ஒரு வித்தியாசம் எழுத வேண்டும். ஷகிலா அக்கா, "வீட்டுல நான் சூப்பர்வைசர், மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் 'வீட்டில் செருப்பு போடுவதில்லை' என்று எழுதினேன். அதைப் படிக்கச் சொல்லிவிடுவாரோ என்று வகுப்பு முடியும்வரை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எட்டுக் குடம் தண்ணீர். துணி துவைத்தேன். தங்கையின் யூனிஃபார்ம் காலரில் இங்க். போகவில்லை.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணத்தை கலாமணி அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் அவர்கள் மூன்றாவது கதவு. நாங்கள் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி கொடுத்தது அவர்தான். அம்மாவுக்கு டிபன் கடையில் மாவாட்டும் வேலை பிடித்துக்கொடுத்ததும் அவர்தான். போன வருடம் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய், "இந்தப் புள்ளைக்கு நான் பொறுப்பு" என்று சொன்னதும் அவர்தான். நான்காவது லைனின் சூப்பர்வைசர் அவர். ரிஜிஸ்டரில் நடுக் கையெழுத்து அவருடையது.

கிண்ணத்தைத் திருப்பி வாங்கி வந்தேன். அதில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இரண்டு இருந்தது.

ஜூன் 16, திங்கள்

தினமும் கலாமணி அக்காவின் ஸ்கூட்டியில்தான் போகிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட முதுகைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபம். சிக்னலில் நின்றபோது சொன்னேன்.

"அக்கா, பதினொண்ணாந் தேதி ஊசி..."

"எந்த ஊசி?"

பச்சை விழுந்தது. அக்கா வண்டியை எடுத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லக்கா."

"பேசறதே வருசத்துக்கு ஒருக்கா. அதையும் பாதியில நிறுத்திப் போடு."

வேலையில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் ஒரு புது ஊசியை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியிருப்பது புது ஊசியைவிட நீளம். ஒரு கடுகு அளவு நீளம். இன்னொன்றும் பார்த்தேன். மற்ற பக்கங்களில் முறிந்த இடமெல்லாம் சாய்வாக, பல் பல்லாக இருக்கிறது. இந்த முனை மட்டும் சமமாக, பிளேயரால் நறுக்கியது போல இருக்கிறது.

பிளேயர் என் மேசை டிராயரில்தான் இருக்கும்.

உண்மையான முனை அரை அரிசி அளவு இருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

பேக்கிங்கில் ஒரு மிஷினுக்கு ஊசி மாற்றப் போனேன்.

பதினொன்றாம் தேதி நான்காவது லைனில் ஓடியது ரோம்பர். கையும் காலும் ஒன்றாகச் சேர்ந்த கைக்குழந்தை உடுப்பு, வெள்ளையில் மஞ்சள் வாத்து போட்டது. ஷகிலா அக்கா கால் மடிப்பு அடிப்பவர். மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. பெட்டிக்கு நாற்பது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லாரி ஏறித் தூத்துக்குடி போகிறது.

பெட்டியில் போடுமுன் ஒவ்வொரு உடுப்பையும் டிடெக்டரில் விடுவார்கள். உள்ளே இரும்பு இருந்தால் அது கத்தும். அழுத்து பட்டன் வைப்பதற்கு முன்பே விட வேண்டும் என்பது முறை. இந்த முறை அவசரத்தில் பட்டன் முதலில் வைத்துவிட்டார்கள்.

"பட்டனுக்கே கத்தித் தொலைக்குது" என்றார் டிடெக்டர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா. "கத்தாம இருக்க, எட்டுல இருந்தத மூணுல கொறச்சு வெச்சுட்டோம். இல்லாட்டி இது முடியற கதையா?"

அவர் திரும்பி நின்று தண்ணீர் குடித்தபோது கையிலிருந்த புது ஊசியை உறையோடு பெல்ட்டில் வைத்தேன். அது மெதுவாக உள்ளே போய் அந்தப் பக்கம் விழுந்தது. சத்தம் வரவில்லை.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

இன்று ஊசி எதுவும் உடையவில்லை.

மாலை ஆறு மணிக்கு கலாமணி அக்கா வீட்டில் பேச்சுச் சத்தம். அவர் தங்கை ஈரோட்டிலிருந்து வந்திருந்தார், ஆறு மாதக் குழந்தையோடு. அம்மா பார்க்கப் போனார். நானும் போனேன். என் மடியில் குழந்தையை வைத்தார்கள். அது வாத்து போட்ட ரோம்பர் போட்டிருந்தது. கறை பட்டுக் கழித்த உடுப்புகளைக் கேட்டால் வீட்டுக்குக் கொடுப்பார்கள். போன வாரம் கழித்ததாக இருக்கும்.

குழந்தை என் வளையலைப் பிடித்துக்கொண்டது. நான் இடது கால் மடிப்பை விரலால் சுற்றித் தடவினேன். பிறகு வலது கால். பிறகு மறுபடி இடது.

"என்ன கண்ணு தேடற?" என்றார் கலாமணி அக்கா.

"நூல் நீட்டிட்டு இருந்துச்சுக்கா."

அக்கா என் விரலைப் பார்த்தார். பிறகு, "ஈரமா இருக்குதாட்ட இருக்குது, மாத்தோணும்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஈரமாக இல்லை.

அரை மணி கழித்துக் குடம் எடுக்க வெளியே வந்தேன். ரோம்பர் அவர்கள் கொடியில் தொங்கியது. துவைத்திருக்கவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தது. கால் மடிப்பைப் பிரித்திருந்தது.

ஜூன் 19, வியாழன்

இந்த நோட்டில் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்துகிறேன்.

பதினொன்றாம் தேதி அந்த நேரத்தில் நான் சாப்பிடப் போகவில்லை. சாப்பாட்டு மணி ஒரு மணிக்கு. ஊசி உடைந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. மெக்கானிக் சாப்பிட முன்கூட்டியே கிளம்பிவிட்டார். ஷகிலா அக்கா இரண்டு துண்டுகளைக் கண்டுபிடித்தார். முனை கிடைக்கவில்லை. கலாமணி அக்கா காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேடினார். கிடைக்காவிட்டால் லைனை நிறுத்தி, மிஷினைச் சுற்றி இருக்கும் உடுப்பு எல்லாவற்றையும் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, புரொடக்ஷன் மேனேஜர் சதாசிவம் சாருக்கு எழுதித் தர வேண்டும். இந்த மாதத்தில் நான்காவது லைன் ஏற்கெனவே இரண்டு முறை நின்றிருந்தது. மூன்றாவது முறை நின்றால் லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

கலாமணி அக்கா என் மேசைக்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கண்ணு, அந்தப் பழைய ஊசி டப்பாவ எடு."

வளைந்த ஊசி, மழுங்கிய ஊசி எல்லாம் போடும் டப்பா அது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார் என்று எழுத நினைத்தேன். எடுத்துக் கொடுத்தது நான். டிராயரிலிருந்து பிளேயரை எடுத்ததும் நான்.

பிறகு டேப் ஒட்டினோம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். ஷகிலா அக்கா பார்க்காமலேயே போட்டுவிட்டு, "பசிக்குது, நான் போறேன்" என்று போய்விட்டார். நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காதை அன்றே பார்த்திருப்பேன்.

இன்னொன்று. முதல் பக்கத்தில் படிப்பு பத்தாவது என்று எழுதியிருக்கிறேன். பாஸ் ஆகவில்லை. சமூக அறிவியல் தேர்வில் எனக்கு வந்த வினாத்தாளில் நடுப் பக்கங்கள் இல்லை. எல்லாரும் வரைபடத்தில் இடம் குறித்துக்கொண்டிருந்தார்கள். என் தாளில் வரைபடக் கேள்வியே இல்லை. மேற்பார்வை செய்த டீச்சர் என்னை நான்கு முறை தாண்டிப் போனார். நான் கை தூக்கவில்லை. இருந்ததற்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து மதிப்பெண் குறைந்தது. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நானும் சரி என்றேன்.

வரைபடம் எனக்கு நன்றாக வரும்.

ஜூன் 20, வெள்ளி

இன்று அக்காவின் வண்டியில் போகவில்லை. வயிறு வலிக்கிறது, பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்தான்.

பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். குறிப்பு என்று ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. பேனாவால் எழுதினேன்.

'முனை கிடைக்கவில்லை. ஒட்டியிருப்பது பழைய ஊசியின் முனை. பிளேயரால் நறுக்கியது நான். நாகஜோதி, 20ஆம் தேதி.'

எழுதிவிட்டால் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன். ரிஜிஸ்டரை சதாசிவம் சார் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் சார் போனில் இருந்தார். ரிஜிஸ்டரைப் பார்க்காமலே அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். நான் நின்றேன். போன் முடிந்தது. இன்னொரு போன் வந்தது. அதுவும் முடிந்தது.

"என்னம்மா?"

கிளாஸை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தைத் திறந்து, புது ஊசி ஒன்றை அந்த ஒட்டிய ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். குறிப்பைப் படித்தார். இரண்டாவது முறை படித்தார்.

"இத எப்ப எழுதுன?"

"இப்ப சார்."

"யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"கலாமணிக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது இதற்கு இரண்டு பதில் யோசித்து வைத்திருந்தேன். இரண்டும் வரவில்லை.

"கேட்டது அவங்க சார். நறுக்குனது நான்."

சார் எழுந்து நின்றார். "ஒன்பது நாளு! ஒன்பது நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? லாரி கீழ நிக்குது. அந்த உடுப்புல என்ன இருக்குதுன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?"

"டிடெக்டர் ஊசியக் காட்டல சார். வச்சுப் பாத்தேன்" என்றேன். அது எனக்கே கேட்காத அளவு மெதுவாக வந்தது. சாருக்குக் கேட்டிருக்கிறது. பிறகு ஜன்னலுக்குப் போய் கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏப்பா, ஏத்தாதே! நிறுத்து! ஏத்துனத எறக்கு!"

ஜூன் 21, சனி

நூற்றிருபது பெட்டியையும் பிரித்துவிட்டார்கள். பட்டன் இருப்பதால் டிடெக்டரால் பயன் இல்லை. கையால் தடவிப் பார்ப்பதுதான் வழி. கேண்டீன் மேசைகளில் பத்துப் பேர். எனக்கும் ஒரு இடம்.

இடது கால் மடிப்பு, வலது கால் மடிப்பு, கழுத்து, கை இரண்டு. பிறகு அடுத்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

"ஊமையாட்டம் இருந்துக்கிட்டு ஊரையே நிறுத்திப்போட்டா பாரு."

"அந்தப் புள்ளைய வேலைல சேத்துவிட்டதே கலாமணிதான."

"நல்லா செஞ்சா, கைம்மாறு."

ஷகிலா அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆனால் அவரும் சிரிக்கவில்லை. "என் கையெழுத்தும் அதுல இருக்குதுடி. எனக்கும் மெமோ. சார்கிட்ட போறதுக்கு முன்ன ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"அப்பறம் எப்படிடி போன?" என்றார். ஒரு ரோம்பரை எடுத்துத் தடவினேன்.

இன்று நான் பார்த்தது நூற்று எழுபத்தாறு.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அவுக முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்? அன்னைக்கு நடுத்தெருவுல நின்னப்ப யாரு வந்தாக? உங்க கம்பெனிக்காரனா வந்தான்?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"உன்னிய யாரு கேட்டா? சும்மா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"சும்மாதாம்மா இருந்தேன். ஒன்பது நாளு."

சாயங்காலம் அம்மா கிண்ணத்தில் குழம்பு ஊற்றி வைத்தார். கொண்டுபோகச் சொல்லவில்லை. கிண்ணம் அடுப்பு மேடையிலேயே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

நாலாயிரத்து எண்ணூறும் முடிந்தது. எதிலும் இல்லை.

கப்பல் நேற்றே போய்விட்டது. ஷகிலா அக்காவின் மிஷினில் பார்க்கலாம் என்று சார் சொன்னார். அது வாத்து ரோம்பர் முடிந்ததும் இரண்டாவது யூனிட்டுக்குப் போய்விட்டது. அங்கே போன் செய்தார்கள். வேலை ஓடுகிறது, மெக்கானிக் வரட்டும் என்றார்களாம்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.

ஜூன் 26, வியாழன்

முனை கிடைத்துவிட்டது. மிஷினுக்குள்ளேயே இருந்திருக்கிறது. தையல் தகட்டுக்கு அடியில், பஞ்சுத் தூசிக்குள். திருகாணி இரண்டைக் கழற்றினால் தெரிகிற இடம்.

குழந்தைகளின் உடுப்பில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

கம்பெனி முழுக்க இதே பேச்சு. நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் மட்டும் நிறுத்தாமல், "ஒண்ணுமில்லாததுக்கு அஞ்சு நாளு கூத்து" என்றார்.

சார் கூப்பிட்டார். வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்து டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்த்தார்.

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த? போய் அந்த மேசையிலயே உக்காரு. வேற யாரயாவது போட்டா அவுங்க புதுசா ஒரு தப்புப் பண்ணுவாங்க. உனக்கு இனி பயமா இருக்கும். அதுக்குத்தான்."

கலாமணி அக்காவிடமிருந்து லைனை எடுத்துவிட்டார்கள். அவர் இனி செக்கிங் மேசை. நான்காவது லைனை இப்போதைக்கு ஷகிலா அக்கா பார்ப்பார்.

கிடைத்த முனையைப் பொட்டலம் கட்டி என் மேசைக்கு அனுப்பினார்கள். பொய் முனையைப் பிரித்து எடுத்துவிட்டு இதை ஒட்டினேன். புது ஊசியை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் குழாயடியில் கலாமணி அக்கா. எனக்கு முன்னால் அவர் குடம். வேறு யாரும் இல்லை. தண்ணீர் நூல் போல வந்தது.

"என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பேன் கண்ணு."

"சொன்னேன்க்கா. சிக்னல்ல."

"பாதிதான சொன்ன."

"பாதியக் கேட்டதும் வண்டிய எடுத்துட்டீங்க."

நான் அதைச் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அக்கா குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினார்.

"பன்னெண்டு வருசம் ஆச்சு, நான் அந்த லைனுக்கு வந்து. மிஷினத் தொறக்க ஒரு பத்து நிமிசம். மெக்கானிக் வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா ஆயிருக்கும்." குடத்தில் விழுந்த தூசியை எடுத்துப் போட்டார். "அந்தத் துணிய மறுக்கா நான் அந்தப் புள்ளைக்குப் போடல. பிரிச்சும் பாத்தேன். ஒண்ணுமில்ல. இருந்தாலும் போடல."

குடம் நிரம்பிவிட்டது. தூக்கி இடுப்பில் வைத்தார். நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பஸ்ஸில் போனேன்.

ஜூன் 28, சனி

வகுப்பு. மேடம் போன பாடத்தைத் தொடர்ந்தார். உறுதியான குணத்துக்கு ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். நிறைய பேர் தலைவர்கள் பெயர் சொன்னார்கள். ஒருவர் தன் மாமியாரைச் சொன்னார். மேடத்துக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. என்னை எழுப்பிக் கேட்டார்.

"தெரியல மேடம்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

முதல் பக்கத்தில் பலம் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். புளிக்குழம்பு. மூன்றாவது கதவைத் தட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டார். பிறகு தருகிறேன் என்றார்.

ஜூன் 30, திங்கள்

காலையில் கிண்ணம் எங்கள் வாசலில் இருந்தது. கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நான்காவது லைனில் ஊசி உடைந்தது. இந்த முறை பெரியவர்கள் பனியன். ஷகிலா அக்கா இரண்டு துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"முனை காணம். எங்க போகும், மிஷினுக்குள்ளதான் இருக்கும். போன தடவையும் அங்கதான இருந்துச்சு. மெக்கானிக் சாப்பிடப் போயிட்டாரு. வந்ததும் தொறந்து எடுத்து ஒட்டிக்கலாம். நீ ஊசியக் குடு, மணி அடிக்கறதுக்குள்ள அந்த பண்டல முடிச்சுடறோம்."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"குடுக்க மாட்டேன்க்கா."

"அடியே, நான் என்ன பொய் முனையா ஒட்டச் சொன்னேன்? ஒரு மணி நேரம் கழிச்சு ஒட்டுனு சொல்றேன். அவ்வளவுதான?"

லைனில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். செக்கிங் மேசையிலிருந்து கலாமணி அக்காவும் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

புது ஊசியை டிராயரில் வைத்துப் பூட்டினேன். காந்தத்தையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு நான்காவது லைனுக்குப் போய், மிஷின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தையல் தகட்டின் முதல் திருகாணியைக் கழற்றினேன்.